"எத்தனை ஏ?" என்று கேட்பதற்கு முன்

எஸ்.பி.எம் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் குளுவாங்கில் உள்ள எங்கள் வீட்டில் கைப்பேசிகளுக்கு ஓய்வே இருக்காது. அத்தை, மாமா, பெரியம்மா, கோயில் நிர்வாகத்தில் அப்பாவோடு இருப்பவர் என்று ஒவ்வொருவராக அழைப்பார்கள். எல்லாருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: "எத்தனை ஏ?" இரண்டாவது கேள்வியும் ஒன்றுதான்: "அடுத்து மெட்ரிக்கா?"

இந்த முறை என் தம்பியின் முடிவுகள் வந்தன. முதல் கேள்விக்கு நல்ல பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு அவன் சொன்ன பதில்தான் வீட்டைக் கலக்கிவிட்டது. குளிர்சாதனத் தொழில்நுட்பம் படிக்க விரும்புவதாகச் சொன்னான்.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஏர்கோன் ரிப்பேர் பண்றதுக்கா இவ்ளோ படிச்சே?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா மட்டும், "நாலு பேர் கேட்டா நான் என்னாடா சொல்றது?" என்றார்.

அந்த வாரம் தம்பியின் மேசையில் ஓர் ஆங்கில நாவல் கிடந்தது. பெயர் 'தி கிவர்'. அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லவ்ரி இளையோருக்காக எழுதியது. 1993இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே நியூபெரி விருதைப் பெற்றது. 2014இல் திரைப்படமாகவும் வந்தது. சிறிய புத்தகம்தான். ஒரே இரவில் படித்து முடித்தேன். முடித்த பிறகு தூக்கம் வரவில்லை. வேற்று நாட்டு எழுத்தாளர் ஒருவர் கற்பனையாகப் படைத்த ஊர், எனக்கு நன்றாகத் தெரிந்த ஊராக இருந்தது.

அந்த ஊரில் பசி இல்லை, சண்டை இல்லை, வேலையில்லாதவர் இல்லை. வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை. கணவன் மனைவியைக்கூட ஒரு குழுதான் பொருத்தம் பார்த்துச் சேர்த்து வைக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்பது வயதில் சைக்கிள் கிடைக்கும். பன்னிரண்டு வயதில் வேலை கிடைக்கும். ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் பல ஆண்டுகள் கவனித்து, இவனுக்கு இந்த வேலை, இவளுக்கு அந்த வேலை என்று விழா மேடையில் அறிவிப்பார்கள். பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவை இருப்பதாக யாருக்கும் தோன்றுவதுமில்லை.

இதில் நான் கவனித்த ஒரு விஷயம் உண்டு. அந்தப் பெரியவர்கள் கெட்டவர்களாகக் காட்டப்படவில்லை. விளையாட்டுப் பிள்ளைக்குப் பொழுதுபோக்குத் துறையில் வேலை தருகிறார்கள். பொறுமையும் கனிவும் உள்ள பெண்ணுக்கு முதியவர்களைப் பராமரிக்கும் வேலை தருகிறார்கள். பெரும்பாலும் பொருத்தமாகவே தருகிறார்கள். அன்போடு செய்யும்போது ஒருவரின் தேர்வுரிமை பறிபோவது அவருக்கே தெரிவதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. எல்லாரும் சமம் என்று சொல்லிக்கொள்ளும் அந்த ஊரிலும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. நாவலின் நாயகன் ஜோனஸின் தங்கை, தான் பெரியவளானதும் குழந்தைகளைப் பெற்றுத்தரும் வேலைக்குப் போக விரும்புவதாகச் சொல்கிறாள். அந்த வேலைக்கு மதிப்பில்லை என்று தாய் உடனே கண்டிக்கிறாள். ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் பெற்றுத்தருகிறவர்களுக்கே அங்கே மரியாதை இல்லை!

இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது எங்கள் பாட்டிதான்.

பாட்டி ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவர் பிறந்த லயமும் ஒரே மாதிரி வீடுகளைக் கொண்ட வரிசைதான். விடிவதற்கு முன்பே பெரட்டு. பெயர் கூப்பிடுவார்கள். மண்டோர் எந்த நிரையைக் காட்டுகிறாரோ அந்த நிரையில் மரம் சீவ வேண்டும். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் தாய்க்கு உதவியாக மங்கு துடைக்கப் போவார்கள். தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படிக்கலாம். அதற்கு மேல் படிக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டும். போவதற்குப் பஸ்சும் இல்லை, காசும் இல்லை. மேட்டில் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணி வீடு, பிறகு மண்டோர், கடைசியில் லயம். யார் எங்கே பிறந்தார்களோ பெரும்பாலும் அங்கேயே இருந்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் இங்கே தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்திய பிறகு, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் கைகள் தோட்டங்களுக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டன.

"பாட்டி, நீங்க என்ன வேலைக்குப் போக ஆசைப்பட்டீங்க?" என்று அவரிடம் கேட்டேன். இத்தனை வயதில் இந்தக் கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் முறை. பாட்டி சிரித்தார். "யாரு என்னைய கேட்டா? பெரட்டுல பேரு கூப்பிட்டாங்க, போனேன்." கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "பள்ளிக்கூடத்துல எனக்குக் கணக்கு நல்லா வரும். கிராணி மாதிரி பேரேடு எழுதணும்னு ஆசை. யார்கிட்டயும் சொன்னதில்ல."

அப்பாவும் அங்கேதான் இருந்தார். தன் தாய்க்குக் கணக்கு நன்றாக வரும் என்பது அவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

நாவலின் மையம் நினைவு. அந்த ஊர் மக்கள் துன்பம் வேண்டாம் என்று முடிவு செய்து, பழைய நினைவுகளைத் துறந்துவிடுகிறார்கள். போர், பசி, வலி மட்டுமல்ல. நிறம், பனி, பாட்டு, தாத்தா பாட்டி என்ற உறவு, எல்லாமே போய்விடுகிறது. ஒரே ஒரு முதியவரிடம் மட்டும் எல்லா நினைவுகளும் இருக்கின்றன. அவற்றை வாங்கிக்கொள்ளப் பன்னிரண்டு வயது ஜோனஸ் தேர்ந்தெடுக்கப்படுகிறான். நினைவுகள் வர வரத்தான் அவனுக்கு நிறங்கள் தெரிகின்றன. நிறம் தெரிந்த பிறகுதான், காலையில் எந்த நிறச் சட்டையைப் போடலாம் என்று தேர்ந்தெடுக்கும் ஆசையே அவனுக்கு வருகிறது. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதவனிடம் "உன் விருப்பம் என்ன?" என்று கேட்பதில் பயனில்லை.

நம் வீடுகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன். தோட்டத்தைப் பற்றிய நினைவு நம் பெரியவர்களிடம் இருக்கிறது. அதை அவர்கள் நமக்குத் தருவதில்லை. அட்டைக்கடியும் அவமானமும் நமக்கெதற்கு என்று மறைத்து வைக்கிறார்கள். நினைவை மறைத்துவிட்டு, அதிலிருந்து பிறந்த பயத்தை மட்டும் தருகிறார்கள். அந்தப் பயம் ஒரு கட்டளையாக நம்மிடம் வந்து சேர்கிறது: டாக்டராகு, வழக்கறிஞராகு, பொறியியலாளராகு. ஏன் என்று கேட்டால், "உன் நல்லதுக்குத்தான்" என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் முழுப் பதிலும் இல்லை.

அதோடு, நாம் தோட்டத்தைவிட்டு வெளியே வந்தோமே தவிர, அதன் படிக்கட்டைக் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். துரை, கிராணி, மண்டோர், தொழிலாளி என்று இருந்தது இன்று டாக்டர், வழக்கறிஞர், பொறியியலாளர், 'மற்றவர்கள்' என்று இருக்கிறது. கையில் கருவி பிடிப்பவன் கீழ்ப்படி என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது. தம்பி சொன்ன படிப்பில் அப்பாவின் காதில் விழுந்தது 'தொழில்நுட்பம்' என்ற சொல் அல்ல. பாட்டி கையில் இருந்த உளியும் தோளில் இருந்த காண்டாவாளியும்தான் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

சட்டப்படி பார்த்தால் இன்றைய மாணவர்களுக்குத் தேர்வுரிமை முன்பைவிட அதிகம். ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. மூன்றாம் படிவத்தின் பிடி3 தேர்வு 2022இல் அகற்றப்பட்டது. நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று பிரிப்பதும் 2020 முதல் இல்லை. பாடத் தொகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பள்ளியில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ, எத்தனை வகுப்பறை இருக்கிறதோ, அதற்கு ஏற்பத்தான் தொகுப்பு கிடைக்கும். மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாதாருக்கு நீண்ட காலமாக இருந்துவரும் பத்து விழுக்காட்டு ஒதுக்கீடு எத்தனை பேரின் விருப்பத்தை மாற்றி எழுதியிருக்கிறது என்பது நாம் அறிந்ததே. அந்தச் சுவர்களைப் பற்றி நாம் பேசுகிறோம், பேசவும் வேண்டும். நம் வீட்டுக்குள் நாமே கட்டிவைத்திருக்கும் சுவரைப் பற்றித்தான் பேசுவதில்லை. தாள் மாறிவிட்டது, "அறிவியல் எடுக்கிறவன் கெட்டிக்காரன், மற்றது எடுக்கிறவன் சுமார்" என்ற பேச்சு மாறவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் நான் நான்காம் படிவம். நல்ல மதிப்பெண் இருந்ததால் அறிவியல் வகுப்பில் பெயர் ஒட்டப்பட்டிருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் பாட்டி போனது போலவே நானும் போனேன். இன்று ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். வேலையில் குறையில்லை. யாராவது "பிடித்துத்தான் செய்கிறாயா?" என்று கேட்டால் மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வேறொன்றும் தெரியாது. இதை நான் யார்மீதும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் என் தம்பிக்கும் இப்படியே ஆகிவிட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

"பிள்ளைகள் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. நாவலில் ஜோனஸுக்கே இந்தப் பயம் வருகிறது. சட்டையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம். துணையையும் தொழிலையும் மக்களே தேர்ந்தெடுத்து, அது தவறாகிவிட்டால் என்ன ஆகும் என்று அவன் திகைக்கிறான். தவறு நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெரியவர்கள் நமக்காகத் தேர்ந்தெடுத்தால் தவறு நடக்காது என்பது மட்டும் உறுதியா?

மருத்துவத்தையே எடுத்துக்கொள்வோம். படிக்கட்டின் உச்சியில் நாம் வைத்திருக்கும் படிப்பு அது. 2016 இறுதியிலிருந்து அரசாங்கம் புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கத் தொடங்கியது. 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனைகளைவிட்டு வெளியே வந்து மறியல் செய்ததை நாடே பார்த்தது. நிரந்தர வேலை, நிபுணத்துவப் படிப்பு, எதிர்காலம் ஆகியவற்றைத்தான் அவர்கள் கேட்டார்கள். மருத்துவம் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையான ஆசையோடு படிக்கிறவர்கள் அந்தச் சிரமத்தையும் தாங்குவார்கள். அத்தை, மாமாவின் கேள்விக்குப் பதிலாக அந்தப் படிப்பை எடுத்தவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்?

மறுபக்கம், நம் ஜொகூர் மாறிக்கொண்டிருக்கிறது. கூலாய், செடேனாக், இஸ்கந்தர் புத்ரி பகுதிகளில் தரவு மையங்கள் எழும்புகின்றன. அவற்றின் இயந்திரங்கள் இரவு பகலாகச் சூடாகும். குளிர்விக்கும் ஏற்பாடு நின்றால் மையமே நின்றுவிடும். 2025 ஜனவரி 7ஆம் தேதி ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலம் தாண்டி தினமும் வேலைக்குப் போகும் நம் ஊர் வெல்டர்களையும் தொழில்நுட்பர்களையும் எல்லாருக்கும் தெரியும். இதையெல்லாம் சொல்லித்தான் நான் முதலில் அப்பாவிடம் தம்பிக்காக வாதாடினேன். "சிங்கப்பூரில் எவ்வளவு சம்பளம் தெரியுமா?" என்றேன்.

பிறகுதான் என் தவறு எனக்கே புரிந்தது. சம்பளத்தைக் காட்டி வாதாடினால், படிக்கட்டில் யார் எந்தப் படியில் என்பதை மாற்றி வைக்கிறோம். படிக்கட்டு அப்படியே நிற்கிறது. நாளை அந்த வேலைக்குச் சம்பளம் குறைந்தால் தம்பிக்கு மரியாதையும் குறைந்துவிடுமா? ஒரு வேலையைச் செய்கிற மனிதனுக்கு நாம் தரும் மரியாதை அவன் சம்பளச் சீட்டைப் பார்த்து வந்தால், பாட்டியின் ஐம்பது ஆண்டு உழைப்புக்கு நாம் தரும் மரியாதை என்ன? அவர் சீவிய மரங்களிலிருந்துதான் அப்பாவின் பள்ளிச் சம்பளம் வந்தது. அந்த வேலையை அவர்மீது சுமத்தியது அநியாயம். அந்த வேலையைச் செய்த அவர் தாழ்ந்தவர் அல்லர். இந்த இரண்டையும் நாம் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் கைத்தொழில் என்றாலே நமக்குப் பயம் வருகிறது.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் சொன்னதை மறுப்பது மட்டும் சுதந்திரம் ஆகாது. நெருங்கிய நண்பன் எடுக்கிறான் என்று அதே தொகுப்பை எடுப்பதும், டிக்டாக்கில் பார்த்த ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்து அதே படிப்புக்கு ஆசைப்படுவதும் வேறொரு பெரட்டில் போய் நிற்பதுதான். 'ஊர் ஓட ஒத்தோடு, ஒருவன் ஓடக் கேட்டோடு' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. தனியாக ஓடுகிறவனைத்தான் ஏன் என்று கேட்கச் சொல்கிறது அது. ஊரே ஓடும்போதும் ஒரு நொடி நின்று ஏன் என்று கேட்கலாம். கேட்டுவிட்டு ஊரோடு ஓடினாலும் தவறில்லை. அப்போது அது நம்முடைய ஓட்டம்.

இந்த நாவலை வெரோனிகா ரோத் எழுதிய 'டைவர்ஜென்ட்' நாவலோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். 2011இல் வந்த அந்தக் கதையில் பிள்ளைகள் பதினாறு வயதில் ஐந்து பிரிவுகளில் ஒன்றைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே தேர்வுரிமை உண்டு; ஆனால் ஒரே முறைதான், பிறகு திரும்பி வர வழியில்லை. பதினாறு என்பது நம் நான்காம் படிவத்தின் வயது. நம் நாட்டில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. எஸ்.டி.பி.எம் உண்டு, டிப்ளோமா உண்டு, தொழிற்கல்லூரியிலிருந்தும் பாலிடெக்னிக்கிலிருந்தும் பட்டப்படிப்புக்குப் போக வழி உண்டு. பத்து பகாட்டில் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகமும் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. ஒரு முடிவு தவறினால் வாழ்க்கையே முடிந்தது என்று பயந்து முடிவெடுக்க வேண்டியதில்லை. இதைப் பெற்றோருக்கும் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர்கள் படித்த காலத்தில் இத்தனை வழிகள் இருக்கவில்லை.

விருப்பம் என்று சொன்னால் அதற்கு உழைப்பும் வேண்டும். "எனக்குப் பிடிக்கும்" என்பதோடு நின்றால் எந்தத் தந்தையும் நம்பமாட்டார். அந்தப் படிப்பில் என்ன பாடங்கள், எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு, கடன் வாங்க நேருமா, அந்த வேலையில் இருப்பவர் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்கிறார் என்று தேடிக் கேட்டுத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். வழிகாட்டி ஆசிரியரை முடிவு வந்த பிறகு தேடாமல் மூன்றாம் படிவத்திலேயே போய்ப் பாருங்கள்.

பெற்றோருக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. பிள்ளைக்கு அறிவுரை சொல்வதற்கு முன் உங்கள் கதையைச் சொல்லுங்கள். நீங்கள் எதற்கு ஆசைப்பட்டீர்கள், எது கிடைக்கவில்லை, எதைக் கண்டு பயந்தீர்கள், உங்கள் தாய் தந்தை எந்த நிரையில் நின்றார்கள் என்று சொல்லுங்கள். பயத்தின் காரணம் தெரிந்தால் பிள்ளை அதை மதிக்கும். தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவிலும் பொறுப்பு இருக்கும். அதற்குப் பிறகும் உங்கள் பிள்ளை டாக்டராகவே விரும்பினால் மிக்க மகிழ்ச்சி.

உறவினர்களுக்கும் ஒன்று உண்டு. அடுத்த முறை முடிவுகள் வெளிவரும்போது "எத்தனை ஏ?" என்று கேட்பதற்கு முன், "எந்தப் பாடம் உனக்குப் பிடித்திருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அந்தப் பிள்ளை கொஞ்சம் திணறலாம். பாட்டிக்கு அந்தக் கேள்வி வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தம்பியின் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. விண்ணப்பத்தில் இரண்டு வகைப் படிப்புகளையும் எழுதியிருக்கிறான். வீட்டில் இன்னும் கொஞ்சம் மௌனம் இருக்கிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா நிமிர்ந்து பார்க்காமலேயே அவனிடம் கேட்டார்: "அந்தப் படிப்புல என்னதான்டா சொல்லித் தர்றாங்க?"

தம்பி தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தான். பாட்டியும் நாற்காலியைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டு கேட்டார்.